நாலாவது காற்று

ஏளா ஹெலன்,

“அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த அருமை மகளுக்கு” என்று தொடங்கினால்தான் அச்சில் எடுப்பாக இருக்கும் என்று அச்சகத்துக்காரர் சொன்னார். அப்படிப் பேசுகிறவர்களின் வாய்க்கு முன்னால் மைக்கைத் தூக்கித் தூக்கி வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் வீட்டில் கூப்பிடுகிறபடியே கூப்பிட்டுவிட்டேன். கல்யாண வரவேற்பில் வாழ்த்துப்பா கொடுப்பது வழக்கம். ரோஸ் காகிதத்தில் மணமகளைக் கயல் என்றும் மணமகனைப் புயல் என்றும் நாலு வரி அச்சடித்து, வருகிறவர் கையிலெல்லாம் திணிப்பார்கள். அவர்கள் அதில் லட்டைப் பொதிந்து பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார்கள். உன் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பாவுக்குப் பதில் இந்தக் கடிதத்தை அச்சடித்திருக்கிறேன். லட்டு பொதிய இதுவும் ஆகும். ஆனால் பொதிவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை வாசித்துவிட வேண்டும், முக்கியமாக சம்பந்தி வீட்டார்.

ஊரார் கையில் கொடுக்கிற காகிதத்தில் அப்பன் மகளிடம் பேச என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் கேட்டாள். நான் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அது பொய். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். வீட்டுக்குள் உன் காதில் மட்டும் சொன்னால் எனக்குச் சௌகரியம், உனக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. மைக்செட் கடை வைத்திருக்கிறவன் மைக்கிலேயே சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், மைக்கில் சொல்கிறது பந்தியில் இலை போடுகிற வரைக்கும்தான் நிற்கும். இது தொழில் அனுபவம்.

சாத்தான்குளத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்த அன்று நடந்ததைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளையின் பெரியம்மா நம் முன்னறையில் நாற்காலி நிறைய உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தார். அதில் நீ, சூசை, பொன்ராஜ் மூன்று பேரும் உப்புக் குவியல் முன்னால் நிற்கிறீர்கள். “பொண்ணு பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் போவுதாளாமே. கல்யாணத்துக்குப் பொறவும் ஆம்பளப் பயலுவகூட மேடை ஏறுவாளோ?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. வீட்டுக்கு வருகிற பெண்ணைப் பற்றி நாலும் கேட்கத்தான் செய்வார்கள். பதிலில்தான் தப்பு. நான் பல்லைக் காட்டிக்கொண்டு, “அதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் மதினி. கல்யாணம் ஆனா தானா நின்னுரும்” என்றேன். நீ அப்போது காப்பியும் மக்ரூனும் எடுத்துக்கொண்டு கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாய். ஒரு கப் சாசரில் மோதிச் சின்னதாய் ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் சமாதானம் ஆகியிருப்போம். நம் வீட்டில் அப்படித்தானே வழக்கம். நீ கால் ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்தி, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூசை வந்து கூப்பிட்டபோது, “வேற ஆள பாத்துக்கிடுங்கலே” என்று வாசலோடு அனுப்பிவிட்டாய். உன் அம்மா அந்தப் பெட்ஷீட்டின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கோயிலில் மூன்று ஞாயிறும் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை என் மைக்கில்தான் வாசித்தார்கள். “தடை சொல்கிறவர்கள் சொல்லலாம்” என்று பாதிரி ஐயர் கேட்டபோதெல்லாம் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மாப்பிள்ளை பேரில் எனக்கு ஒரு தடையும் இல்லை. என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை பேரில்தான்.

எது பொழுதுபோக்கு என்பதைச் சம்பந்தி வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம், கோயில் பாடகர் குழுவில் கால் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாய். பொன்ராஜ் சாயர்புரத்துப் பையன், துறைமுகத்தில் கப்பல் ஏஜென்டு ஆபீசில் குமாஸ்தா. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் ஃபைலோடு போவான், கூடவே ஒரு பெட்டி மக்ரூனும் போகும். மக்ரூனைக் கொடுத்துவிட்டு மாலுமிகளிடம் பாட்டுத் தட்டு வாங்கிக்கொண்டு வருவான். அப்படித்தான் அவனுக்கு கிட்டாரும் வந்தது. அதை எத்தனை பெட்டி மக்ரூனுக்கு வாங்கினான் என்று இன்றுவரை அவன் அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தட்டுகளைப் போட்டுக் கேட்க அவனிடம் மெஷின் இல்லாததால் வீட்டோடு ஒட்டிய என் கடைக்கு வந்தான். நான் கேட்டேன். பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடுகிறது, பாதியில் தாளம் மாறுகிறது, முடிந்துவிட்டது என்று ஊசியை எடுக்கப் போனால் மறுபடி தொடங்குகிறது. “ஏலே, இதென்ன பாட்டா, பஸ் பிரயாணமா?” என்றேன். “அண்ணாச்சி, இதுக்குப் பேரு புரோகிரஸிவ் ராக்” என்றான். நீ அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றவாக்கிலேயே முழுத் தட்டையும் கேட்டாய். சாம்பார் அடிப்பிடித்தது.

சூசை கடற்கரைப் பிள்ளை. அவன் அப்பா சங்கு குளிக்கிறவர், அவன் கொழும்புத் தோணியில் போய்வருகிறவன். வில்லுப்பாட்டுக்காரர்களிடம் குடமும் உடுக்கும் கற்றுக்கொண்டு, மாதா கோயில் பேண்டு வாத்தியத்தில் டிரம்மும் அடிப்பான். இரண்டையும் ஒன்றாக அடித்தால் என்ன என்று தோன்றியது அவனுக்குத்தான். அடித்தான். பொன்ராஜ் கிட்டாரை எடுத்தான். நீ ஆர்மோனியத்தை மிதித்தாய். கடை வாசலில் தெருவே கூடிவிட்டது, ரசித்து அல்ல, என்ன விபத்து என்று பார்க்க. அன்றைக்கே பேர் வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தீர்கள். சூசைதான் சொன்னான், “வடக்க வாடை, கெழக்க கொண்டல், மேக்க கச்சான், தெக்க சோழகம். நாலு காத்தும் நம்ம கடல்ல இருக்கு. அதையே வச்சிருவோம்.” மூன்று பேருக்கு ‘நாலு காத்து’ என்று பேர் வைத்த ஒரே குழு உலகத்திலேயே உங்களுடையதாகத்தான் இருக்கும். நாலு காற்றுக்கும் ஒவ்வொரு ஆல்பம் போடுவோம் என்று அன்றே சத்தியம் செய்தீர்கள். நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஆல்பம் ‘வாடை’. தெரிந்த ஒரு உப்பு வியாபாரி தன் கிட்டங்கியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் திறந்துவிட்டார். ஆராதனை முடிந்து, கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே உறங்குகிற நேரத்தில் நாம் ஆம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு போவோம். கிட்டங்கி நிறைய உப்பு மூட்டை. உப்பு மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ பாடினால் குரல் உதட்டைவிட்டு வெளியே வருவதற்குள் தீர்ந்துவிடும். நான் ஸ்பூல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே மறந்து, கல்யாண வீட்டில் பழகிய வாயால், “ஏளா, கிட்ட வா! சத்தம் பத்தல!” என்று கத்திவிட்டேன். டேப்பில் பதிந்துவிட்டது. அதுவோ நீண்ட பாட்டு, அன்றைக்கு ஒரே மூச்சில் நன்றாக வந்த பாட்டு. மறுபடி பாட உனக்குத் தொண்டை இல்லை. வெட்டி ஒட்டலாம் என்று நான் பிளேடை எடுத்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “இருக்கட்டும்ப்பா, நல்லாத்தான் இருக்கு” என்றாய்.

ஸ்பூல் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தோம். எடுத்துக் கொடுத்தது நான், என் கடையில் இருந்த இரண்டு மெஷினையும் முதுகோடு முதுகு வைத்து. சூசை ஒரு நகலைத் தோணியில் கொண்டுபோய்க் கொழும்பில் யாருக்கோ கொடுத்தான். கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோவில் ஒரு நாள் சாயங்காலம் உன் பாட்டு வந்தது. நாம் எல்லாரும் கடைக்குள் ரேடியோவைச் சுற்றி நின்றோம். பாட்டுக்கு நடுவில் என் குரல் வந்தது, “ஏளா, கிட்ட வா! சத்தம் பத்தல!” பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், கடலோரக் காதலனின் ஏக்கம் நிறைந்த அழைப்பு என்று அதை விளக்கினார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்க் கடை அண்ணாச்சி ஓடி வந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைக் காதலன் என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை, சொன்னவரும் வேற்று நாட்டுக்காரர்.

இரண்டாவது ஆல்பம் ‘கச்சான்’. அதற்கு அம்பாப் பாட்டு வேண்டும் என்றாய். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்களே, அது. சூசைக்குப் பெரியதாழையில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மெஷினுக்குப் பேட்டரி கட்டிக்கொண்டு போனோம். நான் மணலில் மைக்கை நட்டு, கல்யாண வீட்டு நினைப்பில், “எல்லாரும் சேந்து பாடுங்க” என்றேன். அவர்கள் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “வலைய இழுக்காம பாட்டு எங்கன இருந்து வரும்?” என்று ஒருவர் கேட்டார். வலை வளைக்கிற வரைக்கும் காத்திருந்தோம். ஆனால் வலை வந்ததும் வேடிக்கை பார்த்தபடி நிற்க விடவில்லை. பாட்டு வேண்டும் என்றால் கயிற்றைப் பிடி என்றார்கள். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாய். பொன்ராஜ் பேண்டை மடித்துவிட்டுப் பிடித்தான். நான் மைக்கை ஒரு கையிலும் கயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு இரண்டு வேலையையும் கெடுத்தேன். அன்றைக்கு வலை கனம். பாட்டு நீண்டுகொண்டே போனது. அடியெடுத்துக் கொடுத்தவருக்குத் தொண்டை கட்டியது. நீ சட்டென்று அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாய், நீயாகக் கட்டி. ஒரு நொடி எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திருப்பிப் பாடினார்கள். வலை கரைக்கு வருகிற வரைக்கும் நீதான் கொடுத்தாய். வலையின் மடியில் சாளை மீன் துள்ளத் துள்ளப் பாட்டு நின்றது. உள்ளங்கை தோல் உரிந்து, நீ மூன்று நாள் சோறு ஊட்டச் சொன்னாய். உன் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே ஊட்டினாள்.

அந்த ஆல்பத்தைத்தான் இசைத்தட்டாகப் போட்டோம். தட்டு அச்சடிக்கிற இடத்திலிருந்து கடிதம் வந்தது, பாட்டு மிக நீளம், மூன்று நிமிஷமாகச் சுருக்கினால் நன்றாகப் போகும் என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்கள். நீ ஒரு போஸ்ட் கார்டில் பதில் எழுதினாய், “வலை கரைக்கு வரவில்லை, எப்படி நிறுத்த?” அவர்களுக்கு என்ன புரிந்ததோ, முழுப் பக்கமும் ஒரே பாட்டாக அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். உனக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மூன்றாவது, ‘கொண்டல்’. எமர்ஜென்சி வந்த வருஷம், ஸ்பீக்கர் கட்டுவதற்கே ஆயிரம் அனுமதி கேட்ட காலம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை விழாவில் என் மைக்செட், உங்கள் பாட்டு. இரண்டாவது பாட்டிலேயே முன்வரிசைப் பயல்கள் எழுந்துவிட்டார்கள். “சினிமா பாட்டு பாடுங்கலே! இல்லன்னா எறங்குங்கலே!” என்று சத்தம். பொன்ராஜ் இழுத்த இழுப்பில் கிட்டார் கம்பி அறுந்தது. சூசை கோபத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தான். நான் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று சுவிட்சுப் பக்கம் போனேன். ஆம், ஹெலன், நான்தான் முதலில் ஓடப் பார்த்தேன். நீ மட்டும் மைக்கை விடாமல் நின்று, வாத்தியம் இல்லாமல், பெரியதாழையில் கட்டிய அடியை எடுத்துக் கொடுத்தாய். வயல்காட்டு ஊரில் அம்பாப் பாட்டுக்கு யார் பதில் கொடுப்பார்கள்? யாரும் கொடுக்கவில்லை. நீ மறுபடி கொடுத்தாய். மூன்றாவது தடவை, பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த நடவுக்காரப் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும். முன்வரிசைப் பயல்கள் தங்கள் அம்மாமார் குலவையிடுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்தார்கள். அந்தக் குலவை என் டேப்பில் இருக்கிறது. ‘கொண்டல்’ அதில்தான் தொடங்குகிறது. மீதியைக் கப்பலுக்கு உப்பு ஏற்றிக் காலியாகக் கிடந்த கிட்டங்கியில் பதிந்தோம். இந்தத் தடவை நான் ‘கிட்ட வா’ என்று சொல்லத் தேவையே வரவில்லை. உன் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. இப்போது கேசட் வந்துவிட்டதால் அது டீக்கடை, பஸ், தோணி எல்லா இடத்திலும் ஓடுகிறது. போன மாதம் சாத்தான்குளம் பஸ்ஸில் ஓடியது. டிரைவரிடம் நான் யார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, டிக்கெட்டும் வாங்கச் சொல்லிவிட்டார்.

இதைத்தான் நான் மதினியிடம் பொழுதுபோக்கு என்றேன்.

பெரியோர்களே, சம்பந்தி வீட்டாரே, அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் மகள் பாடுவது பொழுதைப் போக்க அல்ல. அவள் பொழுதைப் போக்க வேண்டும் என்றால் உறங்குவாள், அதில் அவளுக்கு நிகர் இந்த ஜில்லாவில் கிடையாது. பாட்டு அவள் வேலை. கல்யாணத்தால் தானாக நின்றுவிடும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவள் நிறுத்தினால் அவளாக நிறுத்தட்டும், அப்பன் வாய் தவறியதற்காக நிறுத்த வேண்டாம்.

ஹெலன், இனி உனக்கு மட்டும், ஊரார் வேண்டுமானால் லட்டைத் தின்னட்டும். உன்னைப் பாடு என்று கட்டளையிட நான் இதை எழுதவில்லை. சமையலும் பிள்ளைகளும் புது வீட்டு மனுஷர்களுமாக, பாட்டே நினைப்பு வராத வருஷங்களும் வரலாம். வந்தால் வரட்டும். ஆனால் பாடக்கூடாது போலிருக்கிறதே என்று நீயே நினைத்துக்கொண்டு பாடாமல் இருக்காதே. வாய்விட்டுக் கேள். கோபம் வந்தால் சண்டை போடு, மூடியைச் சாத்திப் பெட்ஷீட் போர்த்தாதே. நம் இரண்டு பேருக்கும் உள்ள பெரிய கெட்ட பழக்கமே, சின்ன விஷயத்துக்குத் தெருவே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டு, பெரிய விஷயத்துக்கு வாயை மூடிக்கொள்வதுதான். எனக்கு வயதாகிவிட்டது, இனி மாறுவேனோ என்னவோ. நீ மாறலாம்.

மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு ஒரு சேதி இருக்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கரும்பலகை முன்னால் புலி என்று கேள்வி. பெரியம்மா முன்னால் கடைசி பெஞ்சு. அன்றைக்கு அத்தனை நேரமும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி என்னிடம் மெதுவாகக் கேட்டார், “மாமா, உள்ள வந்து உக்காரும்போது நீங்க எங்கள ‘இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க’ன்னு சொன்னிய பாத்தியளா? எனக்கு அப்பமே சந்தேகம். அந்த டேப்புல ‘கிட்ட வா, சத்தம் பத்தல’ன்னு ஒரு சத்தம் கேக்குமே, அது நீங்களா?” நான் ஆமாம் என்பதற்குள் வேனிலிருந்து பெரியம்மா, “ஏலே ஜெயசீலா!” என்று கூப்பிட்டார். ஓடிவிட்டார். மூன்று ஆல்பமும் அவருக்கு மனப்பாடம் என்று பிறகு பொன்ராஜ் விசாரித்துச் சொன்னான். இதை உன்னிடம் முன்னாலேயே சொல்லாததற்குக் காரணம், அவராகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஓலை வாசித்து முடிந்தும் சொல்லவில்லை. மாப்பிள்ளை, மன்னிக்க வேண்டும், உங்கள் ரகசியத்தை ஊரெல்லாம் அச்சடித்துவிட்டேன். இனிமேல் நீங்கள் தைரியமாகப் பேசலாம்.

இப்போது சீர் விஷயம். மண்டபத்து வாசலில் லாரி நிற்கிறதல்லவா, அதில் பீரோ இல்லை, கட்டில் இல்லை. திட்டம் என்னுடையது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள்தான் ஒரு நாள் பெட்ஷீட்டின் மேலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, “ஏங்க, நம்ம பக்கத்துல சீராப் போன சாமானத் திருப்பி அனுப்புவாங்களா?” என்று கேட்டாள். அனுப்பமாட்டார்கள். சீராக வந்ததைத் திருப்பி அனுப்புவது இரண்டு குடும்பத்துக்கும் அவமானம். அதை உள்ளறையில் போட்டு மூடவும் முடியாது. வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி முன்னறையில்தான் வைக்க வேண்டும், உறவுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்து விசாரிக்க வேண்டும். அதனால் லாரியில் உன் கால் ஆர்மோனியம் இருக்கிறது. என் கடையில் இருந்ததிலேயே நல்ல ஆம்பிளிபயரும் அதில் இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டு, மைக் ஒன்று, ஸ்பூல் மெஷின் ஒன்று. எல்லாவற்றுக்கும் உன் அம்மா உறை தைத்திருக்கிறாள், ஓரத்தில் பூ வேலைப்பாடு வேறு. மைக்குக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருக்கிறாள். ஈரம் பட்டால் மைக் கெட்டுப்போகும் என்றேன். “உம்ம மக கல்யாணத்துக்கு ஒரு நாள் கெட்டுப்போனா என்னவாம்” என்றாள். பீரோ பிறகு வரும், மதினி. துணியைக் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும்.

சூசையும் பொன்ராஜும் எங்கும் போகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை வாசிக்காத மாதிரி நடித்துக்கொண்டிருப்பார்கள். சாத்தான்குளத்துக்குப் பஸ் இருக்கிறது, டிரைவரும் நமக்குப் பழக்கம் ஆகிவிட்டார். நீங்கள் நாலு காற்று என்று சத்தியம் செய்து மூன்றைத்தான் முடித்திருக்கிறீர்கள். மிச்சம் சோழகம். உன்னைக் கட்டிக்கொடுத்திருக்கிற ஊர் நமக்குத் தெற்கே இருக்கிறது. அந்தக் காற்று இனி உனக்குத்தான் முதலில் வரும், பிறகுதான் எங்களுக்கு. வருஷத்தில் அது வீசுகிற மாதங்களில் நான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். அழுவேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அழுவேன்.

ஸ்பூல் மெஷினில் ஒரு டேப்பை மாட்டி வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் உன் அம்மா ‘சோழகம்’ என்று எழுதியிருக்கிறாள். காலி டேப் என்று நினைத்து அதன் மேலேயே பதிந்துவிடாதே. முதலில் ஓடவிட்டுக் கேள். ஆரம்பத்தில் என் குரல் இருக்கும், “ஏளா ஹெலன், கிட்ட வா. சத்தம் பத்தல.” அதற்குப் பிறகு டேப்பில் ஒன்றும் இல்லை. அதிலிருந்து நீ பாடு.

உன் அப்பா